நானூறு பேருக்கு ஒரே பிறந்தநாள்

1. முதல் நாள்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஹாஜியாரின் போன் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று விடாத மழை. எனக்கு இருபத்து மூன்று வயது. கொழும்பில் ஆறு மாத ரிப்பேரிங் கோர்ஸ் முடித்து, சர்டிபிகேட்டை நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். ஹாஜியார் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"மனே, போனைத் தொறக்க யாருக்கும் ஏலும். கஸ்டமர் செல்றதைக் கேட்டுட்டு சிரிக்காம ஈக்கோணும். அது ஏலுமா ஒனக்கு?"

ஏலும் என்றேன். அரை மணி நேரத்தில் தோற்றுப்போனேன்.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை செய்யும் ஒருவர் வந்தார். கையில் பட்டன் போன். கானில், தண்ணீர் ஓடும் வடிகாலில், விழுந்துவிட்டதாம். எடுத்துக் காயவைத்தாராம். வெயிலையே காணாத அந்த வாரத்தில் எங்கே காயவைத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஸ்டோர்லதாங்க. கொழுந்து வாட்டுற தட்டுல. கீழருந்து ஃபேன் காத்து வருதில்ல? ஒரு சிப்ட்டு பூரா வச்சிருந்தேன். பச்சக் கொழுந்தையே வாட்டுற காத்துங்க, இந்தச் சொட்டுத் தண்ணிய வாட்டாதா?"

சிரித்துவிட்டேன். ஹாஜியார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். போனைத் திறந்தால், கீபேட்டுக்கு அடியில் அரைவாசி வாடிய கொழுந்து ஒன்று. அதை இடுக்கியால் எடுத்துவிட்டு பெட்டரியைப் போட்டேன். போன் உயிரோடு எழுந்து வெளிச்சம் காட்டியது. என் ஆறு மாத கோர்ஸில் இப்படி ஒரு முறை சொல்லித் தரப்படவில்லை.

"நாந்தான் சொன்னேன்ல," என்று அவர் போனை வாங்கிக்கொண்டு போனார். தோட்டம் முழுக்கச் சொல்லியும் விட்டார். அந்த மாதம் வாட்டிய போன்கள் ஐந்து வந்தன. கொண்டுவந்தவர்களில் ஒருவர் அவசரக்காரர், தட்டில் வைத்துக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் தேயிலை காயவைக்கும் ட்ரையருக்குள்ளேயே விட்டிருக்கிறார். பட்டன்கள் எல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. "ஹீட்டு கொஞ்சம் கூடிப்போச்சி போல," என்றார். சிரிக்காமல் இருக்க நான் அன்றைக்குத்தான் பழகினேன்.

2. ஆளுக்கொரு கருத்து

பட்டன் போன் காலத்தில் சனங்களுக்கு இரண்டே கருத்துகள்: வேலை செய்கிறது, வேலை செய்யவில்லை. டச் போன் வந்தது, எல்லோரும் நிபுணர்களாகிவிட்டார்கள்.

நுவரெலியாப் பக்கம் மரக்கறி பயிரிடும் ஒருவர், போன் சூடாகிறது என்று கொண்டுவந்தார். அதற்குக் கம்பளி நூலில் ஒரு சட்டை பின்னிப் போட்டிருந்தார். கழுத்து மட்டும்தான் இல்லை.

"பனி உள்ளுக்குப் போயி வைரஸ் வந்திருச்சிங்க. போன வருசம் எனக்கும் இப்பிடித்தான் வந்திச்சி."

"சட்டையைக் கழட்டிட்டா சூடாகாதுங்க."

"கழட்டினா குளிருமே?"

போனைச் சட்டையோடே திருப்பிக் கொடுத்தேன்.

மெமரி நிறைந்துவிட்டது என்று ஒரு அக்கா வந்தார். திறந்து பார்த்தால் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூப் படங்கள் தொள்ளாயிரத்துச் சொச்சம். ஒன்றைக்கூட அழிக்கக் கூடாது என்றார். சவூதியில் இருக்கும் தம்பி அனுப்பியவையாம். "ஒண்ணும் அழியப்படாது, ஆனா எடம் மட்டும் வரணும். நீங்க படிச்சவங்கதானே, பாத்துச் செய்ங்க."

பிறகு கேமரா. எங்கள் ஊரில் போன் வாங்க வருபவர் முதலில் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எத்தனை கண் இருக்கிறது என்று எண்ணுவார். கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியும். மலிவு போன் ஒன்று வந்தது. பின்னால் நான்கு கண், அதில் இரண்டு வெறும் கண்ணாடி, உள்ளே ஒன்றுமே கிடையாது. எனக்கு மனசு கேட்கவில்லை. வாங்க வந்த மனிதரிடம் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப அந்த ரெண்டு கண்ணும் தெரியாதா?"

"தெரியாதுங்க. சும்மா ஷோவுக்கு."

யோசித்தார். "பரவால்ல. சும்மா இருந்தாலும் நாலு இருக்கட்டும்," என்று அதையே வாங்கிப் போனார். எங்கேயோ ஒரு நாட்டில் உட்கார்ந்து அந்தக் குருட்டுக் கண்ணாடியை வடிவமைத்த எஞ்சினியருக்கு எங்கள் சனத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

படித்தவர்கள் மட்டும் வேறு மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தோட்டத்துச் சின்னத்துரை, அதாவது உதவி மனேஜர், தோட்டத்தையே எழுதி வாங்கலாம் போன்ற விலையில் ஒரு போன் வைத்திருந்தார். அப்டேட் என்பது பழைய போனைச் சாகடிக்கக் கம்பெனி அனுப்பும் விஷம் என்று எனக்கு அரை மணி நேரம் ஆங்கிலத்தில் விளக்கினார். அதே கருத்தை முந்தின நாள்தான் கான் வெட்டும் ராமையா தமிழில் சொல்லியிருந்தார். ராமையாவிடம் "அப்பிடியெல்லாம் இல்லண்ணே" என்று சொன்ன நான், துரைக்கு முன்னால் "யெஸ் சேர்" என்று தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

இத்தனை கருத்துகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கும் ஒரு கருத்து இருந்தது. இவர்களுக்கெல்லாம் ஒன்றும் தெரியாது, எனக்கு எல்லாம் தெரியும் என்பதுதான் அது. நான் அடித்த கூத்து இனிமேல்தான் வருகிறது.

3. அக்கவுண்ட் அடித்துக் கொடுத்தல்

மெயில் ஐடி இல்லாமல் டச் போன் ஓர் அடி நகராது. போனை ஓன் பண்ணியதுமே பெயரைக் கேட்கும், பிறந்த தேதியைக் கேட்கும், பாஸ்வேர்ட் கேட்கும். பாஸ்வேர்ட் மறந்துபோனால் கோட் அனுப்புவதற்கு ஒரு போன் நம்பரும் கேட்கும். போன் வாங்கிய மனிதருக்கோ பஸ்தான் குறி. மஸ்கெலியா பஸ் ஹாரன் அடித்ததும், "அண்ணே, சுருக்கா நீங்களே எல்லாத்தையும் போட்டுக் குடுங்க," என்பார்.

நானும் போட்டுக் கொடுத்தேன். 'போன் வாங்கினால் அக்கவுண்ட் இலவசம்' என்று கடைக்கு முன்னால் போர்டே எழுதி மாட்டினேன்.

இதற்கு நான் கண்டுபிடித்த முறை என்னவென்று சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட்: கடைப் பெயர், அதற்குப் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. மறந்துபோய் வந்து நிற்கும்போது எனக்குச் சுலபம். பிறந்த தேதி கேட்டால், "அடையாள அட்டையில இருக்குங்க, அட்டை வீட்டுல இருக்கு" என்பார்கள். அதனால் மெயிலுக்கும் முகநூலுக்கும் என் பிறந்த தேதியையே எல்லோருக்கும் போட்டேன். வருடத்தைக்கூட மாற்றவில்லை. நம்பருக்குக் கடை நம்பர். இலவச டேட்டா எந்தக் கம்பெனி கொடுக்கிறதோ அந்த சிம்முக்கு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிற சனம், அவர்களுடைய நம்பரைப் போட்டால் நிலைக்காது என்பது என் கணிப்பு. நிபந்தனைகளுக்குச் சம்மதமா என்று கேட்கும் இடத்தில் சம்மதம் என்று அமத்தினேன். விளம்பரம் அனுப்பலாமா என்றால் அதற்கும் சம்மதம். பெயரையும் ஊரையும் மட்டும் ஒரு சீ.ஆர். கொப்பியில், தடித்த நோட்டில், எழுதிவைத்தேன். மூன்று நான்கு வருடத்தில் நானூறு பேரைத் தாண்டிவிட்டது.

ஒரு வருடம் என் பிறந்தநாளன்று காலை பத்து மணிக்குக் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். நோர்வூட் பக்கம். எழுபது வயது இருக்கும்.

"தம்பி, கட்டார்ல இருந்து மருமகன் போன் பண்ணி எனக்கு வாழ்த்துச் சொல்றாரு. எனக்கு இன்னைக்குப் பொறந்தநாளாம். முகநூல்ல போட்டிருக்காம். நான் பொறந்தது மாரியம்மன் தேர் அன்னைக்கின்னு எங்கம்மா சொல்லும். தேரு போயி நாளாச்சே?"

கம்பியூட்டருக்குத் தெரியாததா என்று ஏதோ சொல்லி அனுப்பிவைத்தேன். பின்னேரம் டிக்கோயாவிலிருந்து ஒரு பொடியன் போன் எடுத்தான். "சந்திரண்ணே, எங்க லயத்துல இன்னைக்கி ஆறு பேருக்குப் பொறந்தநாள்! எல்லாருக்கும் சேத்து ஒரே கேக்கா வெட்டுறோம். நீங்களும் வாங்க."

போனேன். லயத்தின் வரிசை வீடுகளிலிருந்து ஒரு தகப்பன், அவர் மகள், பக்கத்து வீட்டு மாமியார், அவருக்கு ஆகவே ஆகாத மருமகள், இன்னும் இரண்டு பேர். எல்லோரும் ஒரே நாளில் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். மகளும் தகப்பனும் ஒரே வயது என்பதுகூட யாருக்கும் உறைக்கவில்லை. போனில் வந்துவிட்டது, அதனால் சரியாகத்தான் இருக்கும். ஆறு பேரும் கத்தியைப் பிடித்து கேக் வெட்டினார்கள். எனக்கு அதுவரை யாரும் கேக் வெட்டியதில்லை. இரண்டு துண்டு தின்றுவிட்டு, வாயே திறக்காமல் வீடு வந்து சேர்ந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

4. பதினேழில் முடியும் நம்பர்

மகேஸ்வரி மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தார். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. தானே படித்து உயர்தரப் பரீட்சை தேறியவர். தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் எடுக்கிறார்கள் என்றதும் விண்ணப்பம் போட்டிருந்தார். அவருடைய மெயில் நான் அடித்துக் கொடுத்தது.

ஒருநாள் காலை பத்து மணிக்கு, கடையில் கூட்டமே இல்லாத நேரத்தில், மூச்சு வாங்க வந்து நின்றார். பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தை பழைய போனைப் பால் வாளிக்குள் போட்டுவிட்டதாம். அது முடிந்த கதை. புதுப் போனில் மெயிலுக்குள் போக முடியவில்லை.

"பாஸ்வேர்ட் சரியாத்தாண்ணே அடிக்கிறேன். அப்பறமும் உள்ள விட மாட்டேங்குது. பதினேழுல முடியிற நம்பருக்குக் கோட் அனுப்பியிருக்காம். அது யாரு நம்பருண்ணே?"

அது கடையின் பழைய நம்பர். இரண்டு வருடத்துக்கு முன் சிக்னல் நன்றாக இருக்கிறதென்று ஹாஜியார் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தார். பழைய சிம்மை மேசை லாச்சிக்குள் போட்டோம், ரீலோட் பண்ணாமலே விட்டோம். கம்பெனி அதை வெட்டி, நம்பரை வேறு யாருக்கோ கொடுத்திருக்க வேண்டும். நானூறு பேருடைய மெயில் அந்த ஒரு சிம்மை நம்பி இருக்கிறது என்பது ஒருநாள்கூட என் ஞாபகத்துக்கு வரவில்லை.

"அவசரமா தங்கச்சி? ரெண்டு நாள் பொறுத்தா..."

"இன்னைக்கி நாலு மணிக்குள்ள வேணும்ணே. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டு மெயில் வந்திருக்காம். என்கூட அப்ளிகேசன் போட்ட பிள்ளை இப்பத்தான் சொல்லுது. அதுல உள்ள லிங்க அமத்தி, வாறேன்னு சொல்லணும். சொல்லலேன்னா பேரை வெட்டிருவாங்க. அடுத்த மாசம் எனக்கு முப்பத்தஞ்சு முடியுது. அதுக்கப்பறம் நான் அப்ளிகேசனே போட ஏலாது."

தேர்வு நடத்தும் அரசாங்கக் கந்தோருக்கு போன் பண்ணிப் பார்த்தோம். எடுத்தவர், எல்லாம் ஒன்லைனில்தான், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று மிகவும் மரியாதையாகச் சொல்லி வைத்தார். அடுத்து, பதினேழில் முடியும் அந்த நம்பருக்கே எடுத்தேன். மணி போனது. சிங்களத்தில் ஒரு ஆண் குரல் பேசியது. என் உடைந்த சிங்களத்தில், இப்போது உங்களுக்கு ஒரு கோட் வந்திருக்கும், அதைக் கொஞ்சம் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

அவர் என்ன சொல்லித் திட்டினார் என்பதை இங்கே எழுத முடியாது. கோட்டை யாருக்கும் சொல்லாதே என்று டீவியில், ரேடியோவில் தினமும் சொல்கிறார்கள், அதைக்கூடக் கேட்காத முட்டாள் என்று என்னை நினைத்தாயா என்றார். ஒரு வருடத்துக்கு மேலாகக் கண்டகண்ட நேரமெல்லாம் தனக்குக் கோட் வருகிறது என்றும், அந்தத் திருட்டுக் கும்பலைத்தான் தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். வைத்துவிட்டார். மறுபடி எடுத்தேன். பொலிஸ் என்றார். மூன்றாம் முறை எடுக்கவே இல்லை.

அவர் சொன்னதில் ஒரு சொல் பிழை இல்லை. நானும் கடைக்கு வருபவர்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஹாஜியார் தன்னுடைய போனில் எடுத்து, தன்னுடைய தேன் போன்ற சிங்களத்தில் கால் மணி நேரம் பேசினார். வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். "ஆள்ட பேர் சுனில். பொல்பிட்டியில தேத்தண்ணிக் கடை வச்சீக்கிறார். கோட் போன்ல தர மாட்டாராம். மெயில் யாருடையதோ அவங்க அடையாள அட்டையோட நேர்ல வரோணுமாம். நீ வந்தா ஒன்னையும் ஒருக்காப் பாக்கோணுமாம்."

"என்னை எதுக்கு முதலாளி?"

"நீதானே அந்தக் கும்பல்? போ மனே. நீ செஞ்ச வேல, நீயே போய் முடி."

கினிகத்தேனை பஸ்ஸில் இருவரும் ஏறினோம். மணி பதினொன்றரை. வளைவுக்கு வளைவு பஸ் நின்று ஆள் ஏற்றியது. மகேஸ்வரி மடியில் சர்டிபிகேட் ஃபைலை வைத்துக்கொண்டு, பஸ் நிற்கும் ஒவ்வொரு தடவையும் போனில் நேரம் பார்த்தார். நான் வழி நெடுக, சர்வர், வெரிபிகேஷன், செக்யூரிட்டி பொலிசி என்று ஏதேதோ விளக்கிக்கொண்டு வந்தேன். தப்பு செய்தவனுக்கு வாய் நீளும். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"இப்ப இன்னொரு வழி இருக்குன்னு போட்டிருக்கு. பொறந்த தேதி கேக்குது. என் தேதியப் போட்டேன், பிழைங்குது. அது ஏண்ணே?"

சொன்னேன். வேறு வழியில்லை. என் தேதியைச் சொன்னேன், அதைப் போட்டார். ஏற்றுக்கொண்டது. அப்புறம் மறுபடியும் பதினேழுக்கே கோட் அனுப்புவதாகச் சொன்னது.

"நீங்க பொறந்த நாள்ல நான் எதுக்குண்ணே பொறக்கணும்?" என்றார். சத்தம் போடவில்லை. "எம் பேரு, எம் போட்டோ. படிச்சது நான். பரீட்சை எழுதுனது நான். உள்ள போகணும்னா மட்டும் ஒங்க நாளு, ஒங்க நம்பரு, ஒங்க கடைப்பேரு. அப்ப இது யாரோட மெயிலுண்ணே?"

பஸ்ஸில் இருந்த ஒரு கிழவி திரும்பிப் பார்த்தார். அந்த இடத்திலேயே இறங்கி நடந்துவிடலாமா என்று இருந்தது.

5. சுனிலின் தேத்தண்ணிக் கடை

கினிகத்தேனையில் பஸ் மாறி, பொல்பிட்டியில் மின்சார நிலையத்துக்குப் போகும் ரோட்டில் இறங்கியபோது மணி இரண்டு இருபது. கடையைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. சுனில் வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயது மதிக்கலாம், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். பொலிஸைக் கூப்பிடவில்லை, ஆனால் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்.

"மெயில் யாருடையது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"என்னுடையது," என்றார் மகேஸ்வரி. அவர் சிங்களம் என்னுடையதைவிட நல்ல சிங்களம்.

"அப்படியென்றால் இந்த ஆள் யார்?"

"எனக்கு அதைத் திறந்து கொடுத்தவர்."

"உனக்கு மெயில். இவர் திறந்தார். கோட் எனக்கு வருகிறது. இதில் யாருக்காவது புத்தி இருக்கிறதா?"

உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கடையைப் பற்றி, சிம்மைப் பற்றி எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மகேஸ்வரியின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். எதற்காக வேண்டும் என்று கேட்டார். நேர்முகத் தேர்வு, நாலு மணி, வயதெல்லை எல்லாவற்றையும் மகேஸ்வரி சொன்னார்.

"இப்போது அனுப்பச் சொல்லு," என்றார் சுனில்.

மகேஸ்வரி அமத்தினார். சுனிலின் சட்டைப்பையில் போன் கிணுங்கியது. அவர் அதை எடுத்து, என் பக்கம் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மகேஸ்வரிக்கு மட்டும் காட்டினார். பத்தொன்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் நான். தேத்தண்ணிக் கடைக்காரர் என்னிடமிருந்து ஒரு கஸ்டமரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

உள்ளே போய்விட்டோம். ஆனால் நேர்முகத் தேர்வுக் கடிதத்தைக் காணவில்லை. இருந்ததெல்லாம் விளம்பரம்: செருப்பு, சோப்பு, வெளிநாட்டு வீடு, முடி வளரும் எண்ணெய். ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அத்தனைக்கும் சம்மதம் கொடுத்தவன் யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மகேஸ்வரி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

"இல்லண்ணே. வரவே இல்ல."

"ஸ்பாம்ல இருக்கும். கொண்டாங்க, நான் பாக்குறேன்."

கையை நீட்டினேன். அவர் போனை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"நீங்க வாயால சொல்லுங்க. நானே அமத்துறேன்."

மணி இரண்டு ஐம்பது. என் கையில் இருந்தால் பத்து விநாடி வேலை. வாயால் சொல்லத் தொடங்கினேன், எனக்கே வரவில்லை! மேலே இடது பக்கம் மூன்று கோடு, அதை அமத்துங்க, இல்லை, அது இல்லை, கீழே இறங்குங்க. நான் இத்தனை வருடமாக விரலால் செய்த ஒன்றை ஒருவருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஏழெட்டு நிமிடம் போனது. ஸ்பாம் திறந்தது. இரண்டு லாட்டரிப் பரிசுகளுக்கும் ஒரு வெளிநாட்டு இளவரசருக்கும் நடுவில் கடிதம் கிடந்தது.

லிங்கை அமத்தினார். ஒரு கோடு சிக்னலில் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுனில் கடைக்குப் பின்னால் ஒரு கல்லைக் காட்டி, அங்கே ஏறினால் இழுக்கும் என்றார். மகேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, "உங்கள் வருகை உறுதி செய்யப்பட்டது" என்று வந்தது. கல்லின் மேல் நின்றபடியே ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன். என் கண்ணும் சரியாக இல்லை.

இறங்கி வந்ததும் சுனில் எங்களுக்கும் தனக்கும் தேத்தண்ணி ஊற்றினார். இப்படி இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். நானூறு இருக்கும் என்றேன். க்ளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"எல்லோரையும் இங்கே அனுப்பு," என்றார். "ஆளுக்கு ஒரு பிளேன்டீ குடித்தாலும் நான் கடையைப் பெரிதாக்கிவிடுவேன்."

மகேஸ்வரி நம்பரை மாற்றினார், பிறந்த தேதியை மாற்றினார். நான் வாயால் சொன்னேன், அவர் அமத்தினார். கடைசியாகப் பாஸ்வேர்ட். அந்த இடம் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன். சுவரில் ஒரு கலண்டர், கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு இனிப்புப் பணிஸ். சுனிலை யாரும் திரும்பச் சொல்லவில்லை, ஆனாலும் அவரும் திரும்பி என் பக்கத்தில் வந்து நின்றார். பின்னால் மகேஸ்வரி அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார், வாய்க்குள் முணுமுணுத்துச் சரிபார்த்தார். நான் செய்தால் ஐந்து விநாடி. அவர் ஆறு நிமிடம் எடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இதைவிட நாகரிகமான சொல் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

மகேஸ்வரி தேர்வில் தேறி இப்போது டீச்சராக இருக்கிறார். போனுக்கு டெம்பர் கிளாஸ் மாற்ற வருவார். "வச்சிட்டுப் போங்க டீச்சர், பின்னேரம் எடுக்கலாம்," என்றால், "இல்லண்ணே, நிக்கிறேன்," என்று மேசைக்கு முன்னாலேயே நிற்பார். எனக்கு அதில் கோபம் இல்லை.

மற்ற நானூறு பேரையும், சொந்த நம்பரும் பாஸ்வேர்டும் போட்டுக்கொள்ள வரச் சொல்லி, கொப்பியைப் பார்த்து ஒவ்வொருவராகச் சொல்லியனுப்பினேன். ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. பாதிப் பேர் வர மறுத்தார்கள். "நீங்களே வச்சிருங்கண்ணே, ஒங்கள நம்பாம யார நம்புறது?" என்றார்கள். முன்பு இதைக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. இப்போது கேட்கும்போது பயமாக இருக்கிறது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல இருப்பது இவ்வளவுதான். டிஸ்பிளே மாற்றுவதையும் ஐசி சூடாக்குவதையும் யாரும் சொல்லித் தருவார்கள். கஸ்டமர் பாஸ்வேர்ட் போடும்போது கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பாருங்கள். பத்துத் தடவை பிழையாக அடிக்கட்டும். பஸ் போனால் போகட்டும், அடுத்த பஸ் இருக்கிறது. ஒன்றையும் அழிக்காமல் மெமரியில் இடம் கேட்டவர்களையும் போனுக்குக் கம்பளி போட்டவர்களையும் பார்த்து நான் சிரித்தேன். அவர்கள் கெடுத்தது அவரவர் போனைத்தான். எல்லாம் தெரிந்த நானோ நானூறு பேருக்குக் கதவு திறந்துவிட்டேன் என்று பெருமையடித்துக்கொண்டு, ஒருவர் கையிலும் சாவியைக் கொடுக்காமல் இருந்திருக்கிறேன்.